எழுபத்தொன்றாம் பாகம்

எந்தத் தொடரையும் முதல் பாகத்திலிருந்து, ஒன்று விடாமல், வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. ஏனாத்தூரில் படித்த நான்கு வருஷமும் விடுதி அறையில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. "போர் அடிக்குதுடா, அடுத்ததுக்குப் போ" என்று எவனாவது ரிமோட்டைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவேன். மொக்கையான பாகத்துக்கும் கதையில் ஒரு வேலை இருக்கிறது, இப்போது தாண்டினால் பின்னால் எங்கேயாவது ஓட்டை விழும் என்று வாதாடுவேன். அப்படி வாதாடிய ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு உயிரான தொடர் என் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் வெளிநாட்டில் எடுத்தது. விண்வெளியில் ஒரு தபால் கப்பல். கிரகம் கிரகமாகப் போய்க் கடிதம் கொடுப்பதுதான் அதன் வேலை. கப்பலில் பதினான்கு பேர். சுவர்கள் அட்டை என்பது தெரியும். பறக்கும் தட்டைத் தொங்கவிட்ட கயிறும் தெரியும். பிறகு அதை வைத்துப் படங்கள் வந்தன, புதுத் தொடர்கள் வந்தன, பிரமாண்டமான கப்பல்கள் வந்தன. எனக்கு அந்த அட்டைக் கப்பல்தான். மொத்தம் நூற்றுப் பதினொரு பாகங்கள். கல்லூரிச் சீனியர் ஒருவர் ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தது. எட்டு முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. அவள் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டுப் பெண். பி.காம். முடித்தவள், கல்லூரிக்குப் போன நேரம் போக மீதி நேரமெல்லாம் தறியில் உட்கார்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் வாரத்தில் நான்கு நாள் அம்மா வீட்டுக்குப் போய் நெய்துவிட்டு வருவாள். நாங்கள் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் நாலரைக்கு வீடு.

அவள் உண்டான நான்காவது மாதத்தில் டாக்டர் அவளை நடக்க வேண்டாம், படி ஏற வேண்டாம், தறிப்பக்கமே போக வேண்டாம் என்று சொன்னார். தறி வேகத்துக்குப் பழகிய காலும் கையும் சும்மா கிடந்தன. நான் வேலையிலிருந்து வரும்போது ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருப்பாள். நிஜமாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினேழு. நேத்தும் பதினேழுதான்" என்றாள் ஒரு நாள்.

அன்றுதான் ஹார்ட் டிஸ்கை எடுத்தேன்.

"கப்பலா இது? எங்க மாமா வீட்டு ரேடியோப் பொட்டி மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

"பொறுமையா பாரு. நாலாவதுல இருந்து பிடிச்சிடும்."

"மூணு பாகம் பிடிக்காம பாக்கணுமா?"

"ஆமா. வரிசையாத்தான்."

"மொத்தம் எத்தனை?"

"நூத்திப் பதினொண்ணு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பட்டு நூலை எடுத்து வந்தாள், முழ நீளத்துக்கு, மஞ்சள் நிறம். முதல் பாகம் முடிந்ததும் அதில் ஒரு முடிச்சுப் போட்டாள். தறியில் நெய்த துணி உருளையில் சுற்றிக்கொண்டே போய்விடும், எத்தனை வரிசைப் பூ போட்டோம் என்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அவர்கள் வீட்டில் வரிசைக்கு ஒரு முடிச்சு போட்டு வைப்பார்களாம். "ஒரு வரிசை தப்பினா கடையில சேலைய விரிக்கிறப்போதான் தெரியும். அப்போ ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாகத்தை எண்ணுகிற ஒருத்தி எனக்கு மனைவியாக வந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்கு எங்கள் அறையில் கப்பல் கிளம்பும். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியிலேயே நிற்பார். "மாசமா இருக்கிற பொண்ணுக்கு ராமாயணம் படிச்சுக் காட்டுவாங்க. இவன் ராக்கெட்டு காட்டிக்கினு இருக்கான்" என்பார். இவள் சும்மா இருக்க மாட்டாள். "ராக்கெட்டு இல்ல அத்தை, போஸ்டாபீஸு" என்பாள்.

அவள் பார்த்த விதம் வேறு. நான் இத்தனை வருஷம் கப்பலின் வேகம், கிரகங்களின் தூரம் என்று பார்த்தவன். அவள் துணியைப் பார்த்தாள். "அந்த ராணி போட்டுக்கினு இருக்கிறது பட்டு இல்ல, பாலிஸ்டர். வெளிச்சம் படுறத பாருங்க, வழுக்குது." "பன்னெண்டாவதுல கேப்டன் சட்டையில இடது பக்கம் கிழிசல் இருந்துச்சு, இப்போ வலது பக்கம் வந்துடுச்சு." எட்டு முறை பார்த்த எனக்கு அந்தக் கிழிசல் தெரியாது. பன்னிரண்டை மறுபடி போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. அன்றைக்குத்தான், தோற்றவனைப் பார்த்துச் சிரித்தபடி, முதல் முறையாக, "நீ இன்னாத்தபா எட்டு வாட்டி பாத்த?" என்றாள். அதுவரை "நீங்க"தான். அந்த மாலைக்குப் பிறகு "நீ" ஆனேன்.

அவளுக்குப் பிடித்தது கப்பலின் எந்திர அறையில் வேலை செய்யும் ஒரு பெண். அதிகம் பேசாத பாத்திரம். எண்ணெய்க் கறையோடு வருவாள், எதையாவது முறுக்குவாள், போவாள். "இவதான்பா கப்பல ஓட்டுறா. மத்தவனுங்க சும்மா ஜன்னல்ல நின்னுக்கினு பேசுறானுங்க" என்பாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. ஏனென்றால் எழுபத்தொன்றாம் பாகம் முழுக்க அந்தப் பெண்ணுடையது. தொடரிலேயே சிறந்த பாகம் அதுதான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"எழுபத்தொண்ணு வரட்டும். அன்னிக்குக் கைக்குட்டை எடுத்து வெச்சுக்கினு உக்காரு."

"செத்துப் போயிடுவாளா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுபா."

"மாட்டேன்."

அவள் அழுவதைப் பார்க்க ஆசையாக இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இப்படித்தான் இருந்தேன். நமக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவர் பார்க்கும்போது நாம் திரையைப் பார்ப்பதில்லை, அவர்கள் முகத்தைத்தான் பார்ப்போம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் வேலை முடிந்து நேராக அங்கே போய்விடுவேன், லேப்டாப்போடு. அவள் தலையணையைச் சரிசெய்தாலும் காபி டம்ளரை எடுத்தாலும் வளையல் சத்தத்தில் வசனம் கேட்காது. "அசையாதம்மா" என்பேன், பின்னுக்குத் தள்ளிப் போடுவேன். வேண்டுமென்றே கையை ஆட்டுவாள். "குழந்தைக்குக் கேக்கணும்னுதான் வளையலே போடுறாங்க. உன் கப்பலுக்காக இல்ல" என்பாள். அடுத்த அறையில் மாமனாரின் தறி ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்காக அந்த ஒரு மணி நேரம் நிறுத்துவார். நிறுத்திவிட்டு அவரும் கதவோரம் நின்று பார்ப்பார். "இன்னாமா, லெட்டர் போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்பார்.

அறுபத்து மூன்று முடிச்சுகள் ஆகியிருந்தன.

அடுத்த நாள் காலையில் குழந்தை அசையவில்லை என்று சொன்னாள். மதியத்துக்குள் ஆஸ்பத்திரி. நான் தொழிற்சாலையிலிருந்து ஓடி வருவதற்குள் ஸ்கேன் எடுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் ஒருவர் வளையல்களைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். கவர் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிற்பகலிலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. அவள் மயக்கத்தில் இருந்தாள்.

அவளுக்குக் காட்ட வேண்டாம் என்றார் என் அம்மா. காட்டவே வேண்டாம் என்றார் அவளுடைய அம்மா. "பாத்தா மனசுலயே நின்னுடும்பா. பாக்கலன்னா சீக்கிரம் மறந்துடுவா. எங்க காலத்துலயும் இப்படித்தான்." இரண்டு பேருமே அழுதுகொண்டுதான் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது எதையாவது யாராவது சொல்ல வேண்டும், நான் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மாமனார் தன் வீட்டுக்குப் போய் ஒரு பட்டுத் துண்டு கொண்டுவந்தார். அதில் சுற்றி, வேகவதி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். அவரும் நானும் என் சித்தப்பாவும். ஆற்றில் தண்ணீர் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் பொருள்கள் காணாமல் போகத் தொடங்கின. தொட்டிலுக்கு எடுத்து வைத்திருந்த பழைய சேலை காணோம். பக்கத்து வீட்டு மருமகள் கைக்குழந்தையோடு எதிரில் வந்தால், அந்த வீட்டு மாமியார் அவளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்வார். தொலைக்காட்சியில் குழந்தை சோப்பு விளம்பரம் வந்தால் அம்மா சேனலை மாற்றுவார். வளையல் கவரை நான் என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். யாரும் சொல்லி வைத்துக்கொண்டு செய்யவில்லை. ஆனால் எல்லோரும் செய்தோம்.

அவள் ஒரு மாதத்துக்கு மேல் அம்மா வீட்டில் இருந்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். என்னோடு பேசினாள். சாப்பிட்டீங்களா, துணி காயப்போட்டுட்டேங்க. மறுபடி "நீங்க" ஆகியிருந்தேன். அதை நான் கவனித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த மஞ்சள் நூலை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். "அறுபத்து மூணுல நிக்குது" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அடுத்த நிமிஷமே எழுபத்தொன்று நினைவுக்கு வந்தது.

அந்தப் பாகத்தில் நடப்பது இதுதான். எந்திர அறைப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது, கப்பலில் பிறந்த முதல் குழந்தை. அவள் நினைவில்லாமல் கிடக்கிறாள். குழந்தை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அவள் கண் விழிப்பதற்குள் அடக்கம் செய்துவிடலாம் என்கிறார் கேப்டன், அதையே செய்கிறார்கள். விழித்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எந்திர அறைக்குப் போய் வேலையைத் தொடங்குகிறாள். அது தபால் கப்பல். அந்தக் குழந்தையை ஒரு முறையாவது தூக்கிய ஒவ்வொருவரும், தான் பார்த்ததை ஒரு கடிதமாக எழுதி அவள் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கடைசிக் கடிதம் கேப்டனுடையது. பாகம் அங்கே முடிகிறது.

எட்டு முறை பார்த்திருக்கிறேன். எட்டு முறையும் அழுதிருக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இதை அவள் பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். எழுபத்தொன்றை வேறொரு இடத்துக்கு மாற்றினேன். பிறகு எழுபத்திரண்டுக்கு எழுபத்தொன்று என்று பெயர் மாற்றினேன். எழுபத்து மூன்றுக்கு எழுபத்திரண்டு. இப்படி நூற்றுப் பதினொன்று வரைக்கும் நாற்பது கோப்புகள். ரசிகன் அல்லவா, வேலை சுத்தமாக இருந்தது.

அறுபத்து நான்கிலிருந்து தொடர்ந்தோம். அவள் பார்த்தாள், முடிச்சுப் போட்டாள். எப்போதாவது துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள். நான் எழுபத்தொன்று என்று பெயர் வைத்த பாகமும் வந்தது. அது ஒரு நகைச்சுவைப் பாகம். ஒரு கிரகத்தில் எல்லாக் கடிதங்களும் முகவரி மாறிப் போய்விடும், ஒரே அமளி. நான் ஒருவன்தான் சிரித்தேன், தேவைக்கு மேல் சத்தமாக. முடிந்ததும் அவள் நூலை எடுத்து முடிச்சுப் போட்டாள். "விளக்கு வைக்கணும்" என்று எழுந்து போனாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அன்றைக்கும் சேர்த்து நாற்பது மாலைகளில் முடிந்துவிட்டது.

கடைசிப் பாகத்தில் கப்பல் ஓய்வு பெறுகிறது. ஆளுக்கொரு கிரகத்தில் இறங்குகிறார்கள். எந்திர அறைப் பெண் இறங்கும்போது அவள் கையில் பெட்டியில்லை, துணிமணி இல்லை. கயிறு போட்டுக் கட்டிய ஒரு கடிதக் கட்டை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குகிறாள்.

"அது இன்னா கட்டு?" என்று கேட்டாள் என் மனைவி.

"லெட்டரு."

"யாரு எழுதினது?"

"வீட்டுல இருந்து வந்ததா இருக்கும்."

அவள் திரையைப் பார்த்தபடியே நூலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசி முடிச்சைப் போட்டாள். பிறகு எண்ணத் தொடங்கினாள், உதடு மட்டும் அசைந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர அதிக நேரமாகவில்லை.

"நூத்திப் பத்து" என்றாள்.

"ஒரு நாள் முடிச்சு போட மறந்திருப்ப."

"மறக்கல. எழுபத்தொண்ணாவதுக்குக் கைக்குட்டை எடுத்து வெச்சுக்கினுதான் உக்காந்தேன்."

திரையில் ஓடிய பெயர்ப் பட்டியலை நிறுத்தினேன்.

"அன்னிக்கே தெரியும் எனக்கு. நாளைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். நாப்பது நாளு."

"உன்னால தாங்க முடியாதுன்னு..."

"தொட்டில் சேலை எங்கன்னு எனக்குத் தெரியும். பரண்ல, பித்தளை அண்டாவுக்குள்ள. வளையல் உன் நீலச் சட்டைக்கு அடியில இருக்குது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல்லு மொளைச்சிடுச்சு, அழுவுற சத்தத்துலயே தெரியுது. எல்லாரும் எடுத்து எடுத்து வெச்சீங்க. சரி, அவங்க பெரியவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது அது. நீ ஒருத்தன்தான் எதையும் தாண்டக் கூடாதுன்னு சொன்ன ஆளு."

அவள் குரல் உயரவே இல்லை. "நீ" என்று சொன்னாள் என்பதுகூட எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"எடுத்து வெச்சிருக்கேன், இப்பவே போடுறேன்" என்று லேப்டாப் பக்கம் கையை நீட்டினேன். அவள் மூடியைச் சாத்தினாள்.

"அது வேணாம். நம்ம குழந்தைய நீ பாத்த இல்ல. அத சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

எவ்வளவு நாள் அவள் அதைக் கேட்கக் காத்திருந்தாள் என்பதும், நான் எவ்வளவு நாள் கேட்காதது போல் இருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அம்மா வாசற்படியில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.

சொன்னேன். கதவு திறந்ததிலிருந்து தொடங்கினேன். நர்ஸ் பச்சைத் துணியில் கொண்டுவந்தது. முதலில் நான் பார்க்காமல் சுவரைப் பார்த்தது. அதைக்கூடச் சொன்னேன். பிறகு பார்த்தது. தலையில் நிறைய முடி, ஈரமாக ஒட்டியிருந்தது. கை விரல்களில் நகம் முழுசாக இருந்தது. இடது காது மடல் மேல்பக்கம் கொஞ்சம் மடிந்திருந்தது. அவள் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான்.

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"யாரு மாதிரி?"

"தெரியலம்மா. தூங்குற மாதிரி இருந்துச்சு. நெத்தி மட்டும் உங்கப்பா மாதிரி."

"நீ தூக்கினியா?"

"ஆத்தங்கரை வரைக்கும் நான்தான் தூக்கிக்கினு போனேன். ஆட்டோவுல. மடியில."

"எதுல சுத்தினீங்க?"

"உங்கப்பா ஒரு துண்டு கொண்டாந்தாரு. அரக்கு. ஓரத்துல பச்சை."

அப்போதுதான் அவள் அழுதாள். "அது நான் நெய்ஞ்சது. சேலை முடிஞ்சு தறியில பாவு நூலு கொஞ்சம் மிஞ்சுச்சு. தறிய விட்டு எறங்குறதுக்கு முன்னாடி கடைசியா நெய்ஞ்சது" என்றாள். நான் எழுபத்தொன்றுக்காகக் காத்திருந்து பார்க்க ஆசைப்பட்ட அழுகை அல்ல இது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் அவளாகவே வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஆற்றங்கரைக்குப் போனோம். இடையில் மழை பெய்து முடிந்திருந்தது. கரை முழுக்கச் சீமைக் கருவேலம் பச்சைப்பசேலென்று ஏறியிருந்தது. யாரோ இரண்டு லோடு செங்கல் உடைசல் கொட்டியிருந்தார்கள். ஒரு பெரிய கல் இருந்ததாக எனக்கு நினைவு. இப்போது கற்கள் நிறைய இருந்தன.

"எங்க?" என்றாள்.

நான் நடந்தேன். ஒரு மரத்தடியில் நின்றேன். திரும்பிப் பத்தடி வந்தேன்.

"அடையாளம் எதுவும் வெக்கலியா?"

"இல்ல."

அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றுதான் இருந்தோம். திரும்பி வருவோம் என்று யாரும் நினைக்கவில்லை.

ஓர் இடத்தைக் கைகாட்டி, இங்கேதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இந்தப் பக்கம்தான். அந்த மரத்துல இருந்து இந்தக் கல்லுக்குள்ள எங்கயோ. எந்த இடம்னு எனக்கு உறுதியாத் தெரியல" என்றேன்.

அவள் அந்த மரத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மரத்தடியிலிருந்து கல் வரைக்கும் அடிமேல் அடி வைத்து, உதடு மட்டும் அசைய, எண்ணிக்கொண்டே நடந்தாள். முள் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கல்லுக்கு வந்ததும் திரும்பி, மறுபடி மரத்தை நோக்கி நடந்தாள். இந்த முறை நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பின்னால் போனேன்.